இருப்பு எடுக்காத கடை

திருத்தணி மலைக்குப் படி எத்தனை என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 365. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஏறும்போது முருகன் பார்த்துக்கொள்வான். இறங்கும்போது முழங்காலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படி இறங்கி வந்து, பஜாரில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடை முன்னால் மூச்சு வாங்க நில்லுங்கள். கடுக்காய், அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் இருக்கும் வரிசையில் வெள்ளை வெளேரென்று, சின்னப் படகு மாதிரி ஒரு பொருள் இருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. நகத்தால் கீறினால் மாவாக உதிரும். "இது என்னங்க?" என்று கேளுங்கள்.

"கடல் நுரைங்க" என்பார் கடைக்காரர்.

பக்கத்தில் நிற்பவர் நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்தவராக இருந்தால், அவரிடம் அதையே 'சமுத்ரப்பு நுருகு' என்று சொல்லி விற்பார். எல்லை ஊர் என்றால் அப்படித்தான். சரக்கு ஒன்று, பெயர் இரண்டு.

கஸ்தூரி மஞ்சளோடு சேர்த்து அரைத்து முகத்தில் பூச வாங்குகிறவர்கள் உண்டு. லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் கட்டித் தொங்கவிட வாங்குவார்கள். குருவிகள் அலகைத் தேய்த்துத் தேய்த்துத் தின்னும். கடல் அலை ஓயாமல் அடித்து, அந்த நுரை கெட்டிப்பட்டுக் கரை ஒதுங்கியது என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் விளக்கம். அழகான விளக்கம்தான். ஆனால் அது நுரை இல்லை. ஒரு பிராணியின் ஓடு. அதுவும் முதுகுக்கு மேலே இல்லாமல், தோலுக்கு உள்ளே வைத்துத் தைத்த ஓடு.

அந்தப் பிராணிக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் ஓட்டுக் கணவாய்.

கணவாயில் மூன்று வகை என்று கடற்கரையில் சொல்வார்கள். உள்ளே ஓடு வைத்திருப்பது ஓட்டுக் கணவாய். ஒல்லியாக, ஊசி மாதிரி நீண்டிருப்பது ஊசிக் கணவாய். ஹோட்டல் மெனுவில் 'ஸ்க்விட்' என்று எழுதி விலையை இரண்டு மடங்காக்குவது இதைத்தான். எட்டுக் கைகளை விரித்துக்கொண்டு பாறை இடுக்கில் பதுங்கியிருப்பது பேய்க் கணவாய், அதாவது ஆக்டோபஸ். சென்னை மீன் மார்க்கெட்டில் கணவாய்க்குக் கடம்பா என்று இன்னொரு பெயர் உண்டு. இந்தப் பெயரால் எங்கள் ஊரில் ஒரு சங்கடம். ஒருமுறை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம், "கடம்பா இருக்கா ஆயா?" என்றேன். அவர் மலையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏம்ப்பா, மேல போனா கடம்பான்னு கன்னத்துல போட்டுக்கறீங்க. கீழ வந்தா கடம்பா கிலோ என்ன விலைங்கறீங்க. நல்லா இருக்கே உங்க ஞாயம்!"

மீன் மார்க்கெட்டில் விற்றாலும் கணவாய் மீன் இல்லை. நத்தைக்கும் சிப்பிக்கும் பங்காளி. இதன் முன்னோர்கள் எல்லாம் நத்தை மாதிரியே ஓட்டைச் சுமந்துகொண்டு திரிந்தவர்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் நிலத்தைத் தோண்டினால் சுருள் சுருளாகக் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்கள் இந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம் இருக்கிறதே, அதுவும் அம்மோனைட்டின் அச்சுதான். ஆக, பூஜை அறை, மருந்துக் கடை, மீன் மார்க்கெட் மூன்று இடத்திலும் ஒரே குடும்பம் செல்வாக்கோடு இருக்கிறது. இப்படி ஒரு குடும்பத்தை நம் அரசியலில்கூடப் பார்ப்பது சிரமம்.

நான் படித்தது பி.காம். விலங்கியலோடு எனக்கிருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது. அதனால் இந்தக் குடும்பக் கதையை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஓடு என்பது ஒரு சொத்து. ஓட்டுக் கணவாயின் ஓட்டுக்குள் மெல்லிய அறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அறைக்குள் இருக்கும் திரவத்தைக் குறைத்தால் மிதக்கலாம், கூட்டினால் இறங்கலாம். நீர்மூழ்கிக் கப்பல் கண்டுபிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அதே வேலை. ஆனால் எல்லாச் சொத்துக்கும் ஒரு வில்லங்கம் உண்டல்லவா? கடலில் பத்து மீட்டர் இறங்கினால் காற்றழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடும். சில நூறு மீட்டருக்குக் கீழே போனால் இந்த ஓடு நொறுங்கிவிடும். ஓடு உள்ளவர்கள் அதிக ஆழம் போக முடியாது.

ஊசிக் கணவாய் என்ன செய்தது? தலைமுறை தலைமுறையாகத் தேய்மானம் போட்டு, ஓட்டை ஒரு பிளாஸ்டிக் தகடு மாதிரி ஆக்கிவிட்டது. சமையலுக்குச் சுத்தம் செய்யும்போது உருவி எறிவீர்களே, கண்ணாடிபோல ஒன்று, அதுதான். பேய்க் கணவாய் இன்னும் ஒரு படி மேலே போய், சொத்தின் மதிப்பை அநேகமாகப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிட்டது. ஓட்டை விட்டவர்களுக்குக் கடலின் ஆழம் திறந்துவிட்டது. கனத்தை இறக்கிவைத்தால்தான் ஆழம் போக முடியும் என்று இதைத் தத்துவமாகவும் எழுதலாம். நான் எழுதப்போவதில்லை.

ஓடு போனால் பாதுகாப்பு? அதற்குத்தான் மூளை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல நிற ரத்தம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் தாமிரம் செய்கிறது. சுமார் ஐம்பது கோடி நரம்பணுக்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. எட்டுக் கைகளும் ஓரளவு தானாகவே யோசிக்கும். மூளையோ உணவுக்குழாயைச் சுற்றி மெதுவடை மாதிரி இருக்கிறது. அதாவது, சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் மூளையின் நடுவே போகிறது. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலோருக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் பாறையின் நிறத்துக்கு மாறிவிடுவார்கள். எப்படி என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

'இதையெல்லாம் ஆராய்ச்சி செய்து என்ன சார் லாபம்?' என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். சொல்கிறேன்.

பல் டாக்டர் உங்கள் ஈறில் ஒரு ஊசி போடுகிறார். பாதி வாய் மரத்துப்போகிறது. அந்த மருந்து நரம்பில் எந்தக் கதவை அடைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வழிகாட்டியது கணவாய். மனித நரம்பு இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதற்குள் எந்தக் கருவியையும் நுழைக்க முடியாது. கணவாயின் உடம்பில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரை ஒரு நரம்பு இழை இருப்பதை ஜே.இசட்.யங் என்ற விலங்கியலாளர் 1936-ல் எடுத்துச் சொன்னார். ஆபத்து என்றால் நீரைப் பீய்ச்சி ஒரே பாய்ச்சலில் தப்பிக்க அதற்கு அந்தத் தடித்த இழை. 1939-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் அதற்குள் மெல்லிய மின்வாயைச் செருகி, நரம்பில் செய்தி ஓடும்போது மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். உலகப் போர் வந்து வேலையை நிறுத்தியது. போர் முடிந்ததும் திரும்ப வந்து, 1952-ல் கணக்கை முடித்தார்கள். 1963-ல் நோபல் பரிசு. உங்கள் விரல் சுடுவது மூளைக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கான அடிப்படைச் சமன்பாடு, கணவாயிடம் கடன் வாங்கியது.

நம் ஊரிலும் கணவாயைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் சென்னையில்தான் தொடங்கியது. 1949-ல் மண்டபம் போய், 1971-ல் கொச்சிக்கு மாறியது. ஒரு காலத்தில் இறால் வலையில் தப்பித்தவறி விழும் வேண்டாத சரக்காக இருந்தது கணவாய். எழுபதுகளில் வெளிநாட்டுக்காரன் விலை கொடுக்க ஆரம்பித்ததும் அதற்கு மரியாதை வந்துவிட்டது. 1985-ல் இ.ஜி.சைலஸ் பதிப்பித்து, இந்தியக் கடலின் கணவாய் இனங்களைப் பற்றி அந்த நிலையம் ஒரு தனித் தொகுப்பே வெளியிட்டது. கணவாயின் தலைக்குள் கடுகைப்போல ஒரு கல் இருக்கிறது. அதை மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மரத்தில் வருஷ வளையம் தெரிவதுபோல நாள் வளையம் தெரியும். எண்ணினால் வயது. நம் தட்டுக்கு வரும் ஊசிக் கணவாய்க்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம். திருத்தணிப் படி எண்ணிக்கைதான்.

நம் மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் ஊசிக் கணவாயின் விஞ்ஞானப் பெயரின் கடைசிப் பகுதி 'டுவோசெலி'. அல்ஃப்ரெட் டுவோசெல் என்ற பிரெஞ்சு இளைஞரின் பெயர். இந்தியாவில் அலைந்து திரிந்து பறவை, மிருகம், மீன் என்று சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பியவர். 1824-ல், முப்பத்தியோரு வயதில், சென்னையில் இறந்துபோனார். அவர் பெயர் இன்று காசிமேட்டில் கிலோ கணக்கில் விற்கிறது. வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

இதெல்லாம் கரையோரக் கதை. ஆழத்துக்குப் போவோமா?

இருநூறு மீட்டருக்குக் கீழே போனாலே ஆழ்கடல் ஆரம்பம். ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் அறவே கிடையாது. அந்த இருட்டில் என்ன இருக்கிறது என்று நம் கடலில் முதலில் வலை விட்டுப் பார்த்தவர்களில், 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற கப்பலில் இருந்தவர்கள் முக்கியமானவர்கள். 1881-ல் பம்பாயில் கட்டிய கப்பல். அதில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் வேலை பார்த்த ஆல்காக், வங்கக் கடலிலும் அரபிக்கடலிலும் மேலே வந்த விசித்திரங்களையெல்லாம் கல்கத்தா அருங்காட்சியகத்தில் சேர்த்தார். அதிலிருந்த கணவாய் இனங்களை குட்ரிச் என்பவர் ஆராய்ந்து 1896-ல் வெளியிட்டார். வலையில் வந்தது செத்த உடல்தான். அது எப்படி நீந்தும், என்ன தின்னும், குட்டிகளை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அந்த வலையில் விழாது.

உதாரணத்துக்கு ஒன்று. உலகத்திலேயே கனமான கணவாய் தென் துருவக் கடலில் இருக்கிறது. 1925-ல் ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் கிடைத்த கைகளை வைத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். அது தன் வீட்டில் உயிரோடு நீந்துவதை மனிதன் முதன்முதலில் காமிராவில் பார்த்தது 2025 மார்ச்சில். பெயர் வைத்து நூறு வருஷம் கழித்து முகம் பார்த்திருக்கிறோம். அதுவும் முப்பது சென்டிமீட்டர் குட்டியைத்தான்.

நம் இந்தியப் பெருங்கடலிலும் ஒரு சாதனை இருக்கிறது. இந்தோனேஷியாவுக்குத் தெற்கே ஜாவா அகழியின் அடியில் வைத்த காமிரா முன்னால் ஒரு ஆக்டோபஸ் வந்து போனது. தலையின் இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி துடுப்பு. நம் முருகனின் அண்ணனை நினைவுபடுத்தும் உருவம். ஆழம் 6,957 மீட்டர். 2020-ல் வெளியான செய்தி இது. அதற்கு முன் எந்த ஆக்டோபஸையும், எந்தக் கணவாயையும் அவ்வளவு ஆழத்தில் யாரும் பார்த்ததில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு தாயை அறிமுகப்படுத்த வேண்டும். தமிழ் சினிமாவில் 'பத்து மாதம் சுமந்து பெத்தவடா' என்று அம்மா கண்ணைக் கசக்கினால் தியேட்டரே உருகும். இந்தத் தாயின் கணக்கைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் மான்டரே வளைகுடாவில், கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு செங்குத்துப் பாறை. 2007 மே மாதம், ஆராய்ச்சிக்காக இறங்கிய ரோபோ வாகனம், பாறையில் முட்டைகளை ஒட்டவைத்து அவற்றின் மேல் படுத்திருந்த ஒரு பெண் ஆக்டோபஸைப் பார்த்தது. உடம்பில் இருந்த தழும்பு அடையாளத்துக்கு உதவியது. நாலரை வருஷத்தில் பதினெட்டு முறை போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே தாய், அதே இடம், அதே முட்டைகள். தண்ணீரின் குளிர் 3 டிகிரி. முட்டை மெதுவாகத்தான் வளரும். பக்கத்தில் நண்டும் இறாலும் ஊர்ந்து வந்தால் தள்ளிவிடுவாளே தவிர, அவள் சாப்பிட்டதை ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லை. ரோபோவின் கையால் நண்டுத் துண்டை நீட்டினார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. போகப்போகத் தோல் வெளிறியது, கண் மங்கியது, உடம்பு சுருங்கியது. 2011 செப்டம்பரில் இருந்தாள். அடுத்த மாதம் போனபோது பாறை காலி. முட்டை ஓடுகள் மட்டும் கிழிந்து தொங்கின. குஞ்சுகள் போய்விட்டன, தாயும் போய்விட்டாள்.

மொத்தம் 53 மாதம். இந்த பூமியில் நமக்குத் தெரிந்த எந்தப் பிராணியும் இவ்வளவு காலம் முட்டையைக் காத்ததில்லை. 2014-ல் புரூஸ் ராபிசனும் அவர் சகாக்களும் இதை எழுதி வெளியிட்டார்கள்.

இந்தத் தாயை எதற்கு உங்களிடம் கொண்டுவந்தேன் என்றால், நாம் போய் இறங்கப்போகும் இடத்தில் இவளுடைய உறவுக்காரர்கள் இருக்கக்கூடும்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் கடல் தரையை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சர்வதேசக் கடல் தரை ஆணையத்தோடு 2002-ல் செய்துகொண்ட ஒப்பந்தம். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். அங்கே ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே, உருளைக்கிழங்கு விதைத்த வயல் மாதிரி கருப்புக் கட்டிகள் கிடக்கின்றன. 38 கோடி டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் நிக்கல் 47 லட்சம் டன், தாமிரம் 42.9 லட்சம் டன், கோபால்ட் 5.5 லட்சம் டன். மின்சாரக் கார் பேட்டரிக்கு வேண்டிய சரக்கு.

திருத்தணிக்காரர்களுக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது எங்கள் மலை அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. தலைமையில் போராடினார்கள், சிறைக்குப் போனார்கள், உயிரையும் விட்டார்கள். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி திரும்பி வந்தது. ஒரு மலைக்கு அவ்வளவு போராட்டம். பாதித் தமிழ்நாட்டுக்கும் பெரிய கடல் தரை நம் பொறுப்பில் வந்திருக்கிறது. டீக்கடையில் ஒரு வார்த்தை பேச்சு உண்டா?

இத்தனைக்கும் வேலை நடப்பது நம் வாசலில். சென்னை வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கட்டிகளை அள்ளுவதற்காக உருவாக்கிய 'வராஹா' இயந்திரத்தை 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று பேரைக் கடலடிக்குக் கொண்டுபோக 'மத்ஸ்யா 6000' தயாராகிறது. 2025 ஜனவரி, பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். காட்டுப்பள்ளி எந்த மாவட்டம் தெரியுமோ? திருவள்ளூர். திருத்தணி மலையும் அதே மாவட்டம்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், பிரான்சின் வாகனத்தில் பயிற்சிக்காக அட்லாண்டிக் கடலில் இறங்கிய இந்தியர்களில் ஒருவர் 5,002 மீட்டரைத் தொட்டு வந்தார். பெருமையான விஷயம். மச்சம், வராகம் என்று கடலுக்குள் போன அவதாரங்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த அவதாரங்கள் போனது எதற்கு? மூழ்கியதைக் காப்பாற்ற.

அந்தக் கட்டிகளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. 2016-ல் ஹவாய்த் தீவுப் பக்கம் 4,290 மீட்டர் ஆழத்தில், உடம்பில் நிறமே இல்லாத ஒரு ஆக்டோபஸ் காமிராவில் சிக்கியது. பேய் மாதிரி இருக்கிறதே என்று உலகம் அதிசயப்பட்டது. நம் மீனவர்கள் எப்போதோ வைத்த பெயர்! அதே ஆண்டின் கடைசியில் இன்னொரு தகவல் வந்தது. பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடலில் இந்த மாதிரி நிறமில்லாத ஆக்டோபஸ்கள், செத்துப்போன கடற்பஞ்சின் காம்பில் முட்டையிட்டு, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காவல் இருக்கின்றன. அந்தப் பஞ்சு எதன்மேல் முளைத்தது? அந்தக் கருப்புக் கட்டியின்மேல். சுற்றிலும் சேறு, பஞ்சு வேர் பிடிக்கக் கெட்டியான இடம் அது ஒன்றுதான். கட்டியை எடுத்தால் பஞ்சு இல்லை. பஞ்சு இல்லையென்றால் தொட்டில் இல்லை. கட்டி மறுபடி வளருமே என்றால், பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும். காத்திருக்கலாம்.

அதே பெரு பக்கத்துக் கடலில் 1989-ல் ஜெர்மானியர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். கடல் தரையை ஏர் உழுவதுபோல உழுதுவிட்டு வந்தார்கள். 26 வருஷம் கழித்து, 2015-ல் போய்ப் பார்த்தால் கோடுகள் நேற்று உழுதமாதிரி அப்படியே இருந்தன. நம்மவர்களும் சும்மா இல்லை. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1997-ல் நம் பகுதியிலேயே சேற்றைக் கிளறிவிட்டு, அங்கிருக்கும் உயிர்கள் என்னவாகின்றன என்று தொடர்ந்து கவனித்தது. 2021-ல் அரசு ஒப்புதல் கொடுத்த 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்தில் உயிரினங்களை ஆராய்ந்து பாதுகாப்பதும் ஒரு பகுதி. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நிக்கல் வேண்டாம், கோபால்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகை இல்லாத வண்டி வேண்டும் என்று கேட்கிற நாமே பேட்டரி வேண்டாம் என்று சொல்ல முடியாது. என் ஆட்சேபணை ஒரு கணக்குப்பிள்ளையின் ஆட்சேபணை. ஐந்தொகையின் ஒரு பக்கத்தில் நிக்கல் இத்தனை, தாமிரம் இத்தனை என்று தசமப் புள்ளி வரை எழுதியிருக்கிறோம். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று எழுத வேண்டிய பக்கம் ஏறக்குறைய வெள்ளைத் தாள். பசிபிக் கடலில் இதே மாதிரி கட்டிகள் கிடக்கும் ஒரு பெரிய பகுதியை 2023-ல் கணக்கெடுத்தார்கள். பெயர் வைத்த உயிரினங்கள் 436. பெயரே வைக்காதவை 5,142 இருக்கலாம் என்று மதிப்பீடு. அதாவது, பேரேட்டில் பத்தில் ஒன்பது வரி காலி.

எந்த வியாபாரியும் இப்படிக் கடை நடத்த மாட்டார். கடையைக் கைமாற்றுவதற்கு முன்னால் இருப்பு எடுப்பார். மூட்டை மூட்டையாக இறக்கி, எண்ணி, எழுதி, அதற்கப்புறம்தான் பேரம். இருப்பு எடுக்காமல் விற்றால், என்ன விற்றோம் என்பது விற்றவருக்கே தெரியாது. டுவோசெல் காலத்தில் ஒரு கணவாயைப் பார்த்து இது புதுசு என்று சொல்ல ஆள் இருந்தார்கள். இன்று உலகம் முழுக்கவே அந்த வேலைக்கு ஆள் குறைந்துவருகிறது. ஆறாயிரம் மீட்டர் இறங்கும் வாகனத்தை நம்மால் செய்ய முடிகிறது. இறங்கியவர் ஜன்னலில் பார்ப்பது என்ன என்று சொல்லத் தெரிந்த நூறு பிள்ளைகளை நம் கல்லூரிகள் தயார் செய்தால், அது வாகனத்தைவிட மலிவாகவே முடியும். உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, விலங்கியல் எடுக்கட்டுமா என்று தயங்கி நிற்கும் பெண் யாராவது இருந்தால், 'அதைப் படிச்சு என்ன பண்ணப்போற?' என்று கேட்காதீர்கள். பேரேட்டில் ஐயாயிரம் வரி காலியாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இருப்பு எடுக்கும் நாளில் நம் ஊர்க் கடைகளில் கதவைப் பாதி சாத்தி, வெளியே ஒரு அட்டை தொங்கவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். 'இன்று ஸ்டாக் எடுப்பு. வியாபாரம் இல்லை.' அதைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் கோபித்துக்கொண்டதில்லை. நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போவார்கள்.

அந்த அட்டையைக் கொஞ்ச காலம் ஆழ்கடலுக்கு மேலே தொங்கவிட்டால் என்ன? உள்ளே ஒரு தாய் 53 மாதம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நாம் பார்த்துவிட்டோம். எண்ணி முடிக்கிறவரை நாம் காத்திருக்க மாட்டோமா?